காட்டுப்பன்றிக் கறியில் வெள்ளை வெள்ளையாக இருக்கிறது, சாப்பிடலாமா?

தட்டோன் பையன்:
அப்பாவோடு தோட்டத்தில் வேலை செய்யும் கரேன் இனத்துக்காரர் நேற்று இரண்டு வீசை காட்டுப்பன்றிக் கறி கொடுத்துவிட்டுப் போனார். இன்று அம்மா வெட்டும்போது பார்த்தால் சதைக்கு நடுவே ஊறிய அரிசி போலச் சின்னச் சின்னத் தண்ணீர்ப் பைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வெள்ளைப் புள்ளி. மஞ்சள் போட்டுக் கழுவினால் போதும் என்கிறார் அம்மா. மாமாவோ, இரண்டு நாள் ஐஸ் பெட்டியில் வை, எல்லாம் செத்துவிடும் என்கிறார். நேற்று ராத்திரியே ஒரு துண்டைத் தணலில் வாட்டித் தின்றுவிட்டேன், நடுவில் கொஞ்சம் சிவப்பாகத்தான் இருந்தது. பயமாக இருக்கிறது.

பேகு கறிக்கடை:
தம்பி, குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள், நாய்க்கும் போடாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் நாடாப்புழுவின் குஞ்சு மாதிரிதான் இருக்கிறது. வீட்டுப் பன்றியிலும் பார்த்திருக்கிறேன், நாக்கின் அடியைத் தடவினாலே சில நேரம் மணிமணியாகக் கையில் படும். ஆள் வெளிக்குப் போகிற இடத்தில் பன்றி மேய்ந்தால் வருவது. சரியாக வேகாமல் தின்றால் நம் குடலில் புழு வளரும். மூளைக்குப் போய் வலிப்பு வருகிறதே, அது கறியிலிருந்து நேராக வருவதில்லை. புழு உள்ளவரின் மலத்தில் போகும் முட்டை, கழுவாத கை வழியாகவோ பச்சைக் கீரை வழியாகவோ வாய்க்குள் போனால்தான் வரும். நம் ஆட்கள் இரண்டையும் போட்டுக் குழப்புவார்கள்.

மலைக்காட்டான்:
எங்கள் தாத்தா காலத்திலிருந்து அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுப் புகைபோட்டுத்தான் தின்கிறோம், ஒன்றும் ஆகவில்லையே.

ரங்கூன் லேப் அக்கா:
ஆனவர்கள் வாதக்காய்ச்சல் என்று நினைத்துப் படுத்திருப்பார்கள் அண்ணே. எனக்குப் பயம் கண்ணுக்குத் தெரியாததுதான். டிரைக்கினெல்லா என்று ஒரு புழு, சதைநாருக்குள் சுருண்டு கிடக்கும், கறி பார்க்கப் பளிச்சென்று இருக்கும். 2006இல் தாய்லாந்து உதய்தானியில் காட்டுப்பன்றியைப் பச்சையாகத் தின்ற 28 பேருக்கு வந்தது இதுதான். புகை, உப்பு, வெயில், எலுமிச்சை எதையும் நம்ப முடியாது. ஐஸ் என்றால் மெல்லிய துண்டாக மைனஸ் 15 டிகிரியில் 20 நாள் விடாமல் இருக்க வேண்டும், அப்படியும் காட்டு விலங்கில் குளிர் தாங்கும் வகை உண்டு. இங்கே கரண்ட் நாளைக்கு எத்தனை மணிநேரம் வருகிறது என்று மாமாவிடமே கேளுங்கள்! நடுத்துண்டு வரை 71 டிகிரி ஏற வேண்டும், உள்ளே சிவப்பும் தெரியக்கூடாது.

தம்பி, முதல் வாரம் வயிற்றுப்போக்கு, அப்புறம் காய்ச்சல், இமை வீக்கம், உடம்புவலி வந்தால் டாக்டரிடம் காட்டுப்பன்றி தின்றதை முதலிலேயே சொல்லுங்கள். சொன்னால்தான் ரத்தத்தில் ஈசினோபில் என்ற வெள்ளையணு எவ்வளவு என்று பார்ப்பார்கள். அல்பெண்டசோல் என்ற புழு மருந்தை நீங்களாக வாங்கி விழுங்க வேண்டாம். வெட்டின கத்தி, பலகை இரண்டையும் சோப்பும் கொதிநீரும் போட்டுத் தேயுங்கள்.

தட்டோன் பையன்:
புதைத்தாயிற்று அக்கா. வயிறு இதுவரை சும்மா இருக்கிறது. மாமாதான் முகம் கொடுத்துப் பேசவில்லை.