சனிக்கிழமை பிறந்தவர்கள்: எங்கள் அனுபவங்கள்

மெத்வெஜா, செர்பியா, 1732

சனிக்கிழமை பிறந்தவர்களின் கண்ணுக்கு ரத்தக்காட்டேரி தெரியும் என்பது எங்கள் பால்கன் பக்கத்து நம்பிக்கை. அப்படித்தான் நான் மாட்டிக்கொண்டேன். கூர் சீவிய முள்மரக் கழியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். வேண்டுமா, வேண்டாமா என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் ஊரில் எல்லாம் அர்னோல்ட் பவுலேயிடமிருந்து ஆரம்பித்ததாகச் சொல்வார்கள். காட்டேரியின் தொல்லை தீர அதன் கல்லறை மண்ணைத் தின்றதாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து கழுத்து முறிந்து செத்தார். அவரைத் தோண்டி எடுத்து மார்பில் கழி இறக்கியது எனக்கு முந்திய கதை. இந்தக் குளிர்காலத்தில் மூன்று மாதங்களுக்குள் 17 பேர் செத்தார்கள். ஜனவரியில் ராணுவ மருத்துவர் ஃப்ளூக்கிங்கர் வந்து குழிகளைத் திறக்கச் சொன்னார்.

மிலிட்சா கிழவிக்கு அறுபது வயது. ஆயுள் முழுக்க எலும்பும் தோலுமாக இருந்தவள், குழிக்குள் சதை போட்டுக் கிடந்தாள். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். எனக்குத் தெரிந்தது செத்துப்போன ஒரு கிழவி, அவ்வளவுதான். ஆனாலும் தலையை ஆட்டிவிட்டேன். தலைகளை வெட்டி, உடல்களோடு எரித்து, சாம்பலை மொராவா ஆற்றில் கொட்டினார்கள்.

மொராவியா, 1755

அக்கா, எங்கள் வேலையை ஒரு மருத்துவரே முடித்துவைத்தார். குளிரும் காற்றோட்டமில்லாத மண்ணும் இருந்தால் பிணம் சீக்கிரம் கெடாது என்று ஆஸ்திரிய அரண்மனை மருத்துவர் வான் ஸ்வீட்டன் எழுதிக்கொடுக்க, மகாராணி மரியா தெரேசா இந்தக் கூத்துகளுக்கெல்லாம் தடை போட்டுவிட்டார். என் கழி இப்போது அவரைக் கொடிக்குக் கொம்பாக நிற்கிறது. நன்றாகத் தூங்குகிறேன்.

எக்ஸிட்டர், ரோட் ஐலண்ட், அமெரிக்கா, 1892

அந்த மருத்துவர் எழுதியது எங்கள் ஊருக்கு வந்துசேரவில்லை போலும். காசநோய்க் கிருமியை ராபர்ட் கோஹ் கண்டுபிடித்தே பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

மெர்சி பிரவுனுக்கு 19 வயது, என் வயதுதான். அவள் அம்மாவையும் அக்காவையும் காசநோய் முன்பே கொண்டுபோயிருந்தது. ஜனவரியில் அவளும் போனாள். உறைபனியில் குழி வெட்ட முடியாமல் கல் அறையில் வைத்திருந்தார்கள். மார்ச் 17 அன்று திறந்தால், இதயத்தில் ரத்தம். இரண்டு மாதக் கடுங்குளிரில் கிடந்த உடம்பில் வேறென்ன இருக்கும்? கூட வந்த மருத்துவர் காசநோய்தான் என்று சொல்லிப் பார்த்தார். யார் கேட்டார்கள்? இதயத்தையும் ஈரலையும் பாறைமேல் வைத்து எரித்து, சாம்பலைத் தண்ணீரில் கலக்கினார்கள், படுக்கையில் இருந்த அவள் அண்ணன் எட்வினுக்கு மருந்தாக. எங்கள் ஊரில் காட்டேரி என்ற சொல்லையே யாரும் சொன்னதில்லை. பத்திரிகைக்காரர்கள்தான் எழுதினார்கள்.

மே மாதம் எட்வினும் போய்விட்டான்.

மெத்வெஜா, 1732

அந்தக் கோப்பையை அவனிடம் கொண்டுபோனது யார், தங்கச்சி?

எக்ஸிட்டர், 1892

நான்தான், அக்கா. முழுவதையும் குடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.