போல் பார்ன் பட்டறை: தரைச்சூட்டுக் குழாயை இப்போதே போட்டுவிடலாமா?

உளி_ரோசெஸ்டர்

வணக்கம். மினசோட்டாவில் ரோசெஸ்டருக்கு வெளியே கொஞ்சம் நிலத்தோடு வீடு வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. பின்பக்கம் 30க்கு 40 அடியில் ஒரு போல் பார்ன் (மண்ணில் தூண்களை நட்டுக் கட்டும் கொட்டகை) கட்டிப் பட்டறையாக வைத்துக்கொள்ள ஆசை. முக்கியமாக மரவேலைக்குத்தான். ஒரு பழைய டிராக்டரும் இருக்கிறது, அதைப் பிரித்துப் பார்க்க இடம் வேண்டும், பின்னால் கார் தூக்கும் லிஃப்ட் ஒன்றும் வாங்குவேன்.

அப்பா ஊரில் தச்சு வேலை செய்தவர். அவருடைய இழைப்புளியும் வாள்களும் இப்போது என்னிடம் இருக்கின்றன. போன ஜனவரியில் கராஜில் வைத்து ஒரு கதவு நிலையை இழைத்துப் பார்த்தேன். வெளியே மைனஸ் 25. இரும்பை வெறும் கையால் தொட முடியவில்லை, ஒட்டிய பசை மறுநாள் காலையில் வெள்ளைத் தூளாக உதிர்ந்தது. சின்ன மின் ஹீட்டர் வைத்தால் தலைக்கு மேலே அனலாக இருக்கிறது, கீழே கான்கிரீட்டிலிருந்து குளிர் கணுக்காலில் ஏறிவிடுகிறது. அதனால்தான் தரைக்குள் குழாய் ஓட்டி வெந்நீர் சுற்றவிடும் முறை மேல் மனம் போய்விட்டது.

இப்போது சிக்கல் பணம். குழாய், அதற்கு அடியில் சூடு இறங்காமல் தடுக்கும் ஃபோம் போர்டு, தண்ணீரைச் சூடாக்கும் பாய்லர் மூன்றையும் ஒரே வருடத்தில் வாங்க முடியாது. கட்டித் தர வந்தவரிடம் கேட்டேன். “சூடு மேலேதான் போகும், அடியில் ஃபோம் போட்டுக் காசை வீணாக்காதே, அந்தப் பணத்தில் பாய்லர் வாங்கு” என்கிறார். இருபது வருடமாக இந்த வேலையில் இருப்பவர் சொல்கிறாரே என்று ஒரு பக்கம், மனது ஒப்பவில்லை என்று இன்னொரு பக்கம். இந்தக் குளிர் ஊர்களில் கட்டிப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எதை இப்போது செய்ய வேண்டும், எதைத் தள்ளிப்போடலாம்?

டுலூத்_வடக்கு

உங்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஃபோமை மட்டும் விட்டுவிடாதீர்கள். சூடு மேலே போகும் என்பது காற்றுக்குச் சரி. கான்கிரீட்டுக்குள் இருக்கும் சூடு எந்தப் பக்கம் குளிரோ அந்தப் பக்கம் ஓடும், கீழே மண் குளிர்ந்து கிடந்தால் கீழேதான் ஓடும்.

நான் மினசோட்டாவின் வடக்கே டுலூத் பக்கம் இதே அளவில் கட்டியிருக்கிறேன். அடியில் 2 அங்குல ஃபோம் போட்டேன். ஆனால் ஓரத்தில், அதாவது தரையின் விளிம்புக்கும் சுற்றி அடிக்கும் ஸ்கர்ட் பலகைக்கும் நடுவில், ஒன்றும் வைக்கவில்லை. அப்போது யாரும் சொல்லவும் இல்லை, எனக்குத் தோன்றவும் இல்லை. முதல் குளிர்காலத்தில் வீட்டு ஜன்னலிலிருந்து பார்க்கிறேன், சுற்றிலும் இரண்டடிப் பனி, பார்னின் சுவரை ஒட்டி மட்டும் இரண்டு சாண் அகலத்துக்கு ஈர மண் கறுப்பாகத் தெரிகிறது, அங்கங்கே பச்சைப் புல்கூட நின்றது. நான் காசு கொடுத்து வாங்கிய சூடு அத்தனையும் அந்த வழியாகத்தான் வெளியே போய்க்கொண்டிருந்தது. அடுத்த கோடையில் சுற்றிலும் பள்ளம் தோண்டி வெளிப்பக்கமாக ஃபோம் ஒட்டி, வெயிலும் எறும்பும் படாமல் இருக்கத் தகடு அடித்தேன். பெண்டு நிமிர்ந்துவிட்டது. கான்கிரீட் போடுவதற்கு முன்னால் ஒரு மதியத்தில் முடிந்திருக்கும் வேலை.

ஆகவே ஓரத்தில் 2 அங்குல ஃபோமை செங்குத்தாக நிறுத்தி இரண்டடி ஆழம் வரை இறக்குங்கள். தூண் வரும் இடத்தில்தான் எல்லாரும் கோட்டை விடுவார்கள். 8 அடிக்கு ஒரு தூண் என்றால் சுற்றிலும் 18 தூண், ஒவ்வொன்றைச் சுற்றியும் ஃபோமை வெட்டிப் பொருத்த வேண்டும், இடுக்கில் தெளிப்பு நுரை அடித்து மூட வேண்டும். பொறுமையாகச் செய்தால் போதும், கஷ்டமான வேலை இல்லை.

தூண் ஆழத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். உங்கள் பக்கம் உறைபனி ஆழம் 42 அங்குலம், எங்கள் வடக்கு மாவட்டங்களில் 60. குழி அதற்குக் கீழே போய்விட வேண்டும், இல்லாவிட்டால் மண் உறைந்து விரியும்போது தூணையே தூக்கிவிடும். குழி தோண்டும் முன் 811க்கு அழைத்து அடியில் போகும் கம்பிகளைக் குறித்துத் தரச் சொல்லுங்கள், அது இலவசம்.

இன்னொன்று, டிரஸ் (கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டம்) ஆர்டர் கொடுக்கும்போதே “சீலிங் போடப் போகிறேன்” என்று சொல்லிவிடுங்கள். பார்னுக்கு வழக்கமாக வரும் டிரஸ் கூரையையும் பனியையும்தான் தாங்கும், கீழ்ச்சட்டத்தில் எதையும் தொங்கவிடக் கணக்குப் போட்டிருக்காது. சீலிங் தகடு, அதன்மேல் சூடு வெளியே போகாமல் இருக்க ஒன்றேகால் அடிக்குச் செல்லுலோஸ் (காகிதத்தை அரைத்துச் செய்த பஞ்சு) என்றால் சதுர அடிக்கு 5 பவுண்டாவது கூடுதலாகத் தாங்குகிற டிரஸ் வேண்டும். பின்னால் மாற்ற முடியாது. சீலிங் இல்லாமல் தரையை மட்டும் சூடாக்கினால் கூரைத் தகட்டில் வேர்த்துச் சொட்டும், அப்பாவின் வாள்கள் துருப்பிடித்துவிடும்.

பரி_குழாய்வேலை

தம்பி, நான் கனடாவில், ஒன்ராறியோவில் பரி பக்கம் இருக்கிறேன், இதுதான் என் தொழில், இருபது வருசத்துக்கு மேல் வீடுகளுக்கும் பட்டறைகளுக்கும் இந்தக் குழாய் போட்டிருக்கிறேன். டுலூத் நண்பர் சொன்னது அத்தனையும் சரி. நீங்கள் கேட்டதற்கு நேரடிப் பதில்: கொங்கிறீற்றுக்குக் கீழே போகிற எல்லாவற்றையும் இப்பவே செய்யுங்கோ, பொயிலரை அடுத்த வருசம் வாங்கலாம். சுவரில் குழாய் முனைகளை மூடி விட்டுவிட்டால் எத்தனை வருசமானாலும் காத்திருக்கும், வெயில் மட்டும் படக்கூடாது, பெக்ஸ் என்கிற இந்தப் பிளாஸ்டிக் குழாய்க்கு வெயில் ஆகாது. உள்ளே தண்ணீரையும் விட்டுவைக்காதேங்கோ, காற்று மட்டும் இருக்கட்டும்.

அடுக்கு இப்படி வரவேணும். மேல்மண் முழுக்க எடுத்து, ஜல்லியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு இறுக்கி, அதன்மேல் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு, பிறகு 2 அங்குல எக்ஸ்பிஎஸ் (அடர்த்தியான கெட்டி வகை) ஃபோம், அதன்மேல் கம்பி வலை, வலையில் குழாயைக் கட்டி, பிறகு கொங்கிறீற். டிராக்டர் நிற்கிற இடம் என்றபடியால் ஃபோம் 25 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 25 பவுண்டு) தாங்குகிறதாகப் பார்த்து வாங்குங்கோ. வீட்டுச் சுவருக்கு அடிக்கிற மலிவான வெள்ளைப் பலகை அமுங்கிப்போகும்.

குழாய் அரை அங்குலம், ஒரு அடிக்கு ஒன்றாக ஓட்டினால் 1200 சதுர அடிக்குக் கிட்டத்தட்ட 1200 அடி வரும். ஒரு சுற்று 300 அடியைத் தாண்டக்கூடாது, தாண்டினால் தண்ணீர் கடைசிக்குப் போகும்போது ஆறிவிடும், பம்பும் திணறும். உங்களுக்கு ஐந்து சுற்று, ஒவ்வொன்றும் 250 அடி, எல்லாம் ஒரே அளவாக இருந்தால் மேனிஃபோல்டில் (எல்லாச் சுற்றுக்கும் தண்ணீரைப் பிரித்துவிடுகிற குழாய்க் கட்டு) சமப்படுத்துவது லேசு. கட்டாயம் ஒட்சிசன் தடுப்புப் பூச்சு உள்ள பெக்ஸ் வாங்குங்கோ. சாதாரண குடிநீர்க் குழாய் மலிவு என்று யாராவது தந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கோ. அதன் சுவர் வழியாகக் காற்று உள்ளே போய் பம்பும் இரும்புப் பாகங்களும் துருப்பிடித்துவிடும்.

இப்ப முக்கியமான விசயம். கொங்கிறீற் போடுவதற்கு முதல்நாளே எல்லாச் சுற்றுக்கும் காற்றடைத்து 50 பிஎஸ்ஐ வைத்து, அழுத்தமானியைக் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மாட்டுங்கோ. கொங்கிறீற் ஊற்றி முடிகிறவரை அந்தக் காற்று உள்ளே இருக்கவேணும், ஒரு ஆள் அதையே பார்த்துக்கொண்டு நிற்கவேணும். போன வருசம் ஒரு வேலையில் மண்வெட்டி விளிம்பு குழாயில் பட்டுவிட்டது, வெட்டினவருக்கே தெரியவில்லை. முள் 50இலிருந்து 42க்கு இறங்கினதைப் பார்த்து நான் கத்தினேன். எல்லாரும் நின்று பார்த்தால் ஈரக் கொங்கிறீற்றுக்குள் இருந்து சின்னச் சின்னக் குமிழ் ஒரே இடத்தில் வந்துகொண்டிருந்தது. கையால் தோண்டி எடுத்து, அந்த இடத்தை வெட்டி, இணைப்பு வைத்து இறுக்கி, நாடா சுற்றி மூட பத்து நிமிசம்தான் போனது. காற்றுக்குப் பதிலாகத் தண்ணீர் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

சூடேற்றுவதற்கு 28 நாள் காத்திருங்கோ. பச்சைக் கொங்கிறீற்றைச் சூடாக்கி அவசரமாகக் காயவைத்தால் வெடிக்கும். சுற்றில் புரோப்பிலீன் கிளைக்கோல் கலந்து விடுங்கோ, 40 வீதம் என்றால் மைனஸ் 20 வரைக்கும் உறையாது. காருக்கு ஊற்றுகிற பச்சைத் தண்ணீர் இல்லை, அது நஞ்சு. மொத்தம் 12 கலன் (கேலன்) தான் பிடிக்கும், ஆகவே பெரிய செலவு இல்லை. வீட்டுக் குளியல் வெந்நீர்த் தொட்டியோடு இதை இணைக்க வேண்டாம், தரைக்குள் தேங்கிக் கிடக்கிற தண்ணீர் குழாய்த் தண்ணீரோடு கலக்கவே கூடாது.

மிச்சிகன்_வார்ப்பு

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்லப் போகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் பட்டறையில் எத்தனை நாள் இருப்பீர்கள்? தினமும் சாயங்காலம் போய் நிற்பவர் என்றால் தரைச்சூட்டைவிட நல்லது கிடையாது. சனி ஞாயிறு மட்டும் என்றால் யோசிக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். 5 அங்குலத் தரை என்றால் 14 கனமீட்டர் கான்கிரீட், எடை சுமார் 34 டன். அதை ஒரு டிகிரி செல்சியஸ் ஏற்ற 8 யூனிட் மின்சாரத்துக்கு மேல் வேண்டும். வாரம் முழுவதும் அணைத்து வைத்துவிட்டு வெள்ளிக்கிழமை 10 டிகிரி ஏற்றப் பார்த்தால் 83 யூனிட். 9 கிலோவாட் பாய்லருக்கு, ஒரு சொட்டுச் சூடுகூட வெளியே போகாது என்று வைத்தாலும், 9 மணி நேரத்துக்கு மேல் ஆகும். நிஜத்தில் ஒரு நாளே போய்விடும், அதற்குள் சனிக்கிழமை முடிந்திருக்கும். அதனால் இந்தத் தரையைப் போட்டால் குளிர்காலம் முழுக்க ஒரே சூட்டில் விட்டுவிட வேண்டும், ஏற்றி இறக்கி விளையாடக் கூடாது. நான் 13 டிகிரியில் வைத்திருக்கிறேன். கால் சூடாக இருப்பதால் அதுவே சட்டையோடு வேலை செய்யப் போதுமானதாக இருக்கிறது. பெரிய கதவைத் திறந்து டிராக்டரை உள்ளே கொண்டுவந்து மூடினால் பத்து நிமிடத்தில் பழைய கதகதப்பு திரும்பிவிடும், தரையில் அவ்வளவு சூடு தங்கியிருக்கிறது.

எதில் எரிப்பது என்பதற்கு என் வழி இது. ஒரு கேலன் புரோபேன் நல்ல பாய்லரில் 25 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சூடு தரும். உங்கள் மின்கட்டணத்தை 25ஆல் பெருக்குங்கள், கேலன் விலை அதைவிடக் குறைவாக இருந்தால் புரோபேன், இல்லாவிட்டால் மின்சாரம். மினசோட்டா கிராமப்புற மின் கூட்டுறவுகள் பலவற்றில் இரவில் மட்டும் ஓடும் ஹீட்டருக்குத் தனி மீட்டர் வைத்துக் குறைந்த கட்டணம் தருகிறார்கள், கேட்டுப் பாருங்கள். அப்படிச் செய்தால் ஒரு நாள் சூட்டை 8 மணி நேரத்தில் ஏற்ற வேண்டியிருக்கும், பாய்லர் இரண்டு மூன்று மடங்கு பெரிதாக வேண்டும், அதற்கேற்ற கம்பியும் இழுக்க வேண்டும்.

எப்படி முடிவு செய்தாலும் மரத்தூள் பறக்கும் இடத்தில் திறந்த நெருப்பு வேண்டாம். வார்னிஷ் வாடையும் அப்படித்தான். எரிபொருள் பாய்லர் வைத்தால் எரிக்கிற காற்றை வெளியிலிருந்து குழாய் வழியாக இழுக்கும் மூடிய வகையாகப் பாருங்கள்.

உளி_ரோசெஸ்டர்

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்று இரவு வீட்டில் உட்கார்ந்து மறுபடியும் கணக்குப் போட்டோம். நான் வேலை முடிந்து வந்து தினமும் இரண்டு மணி நேரமாவது உள்ளே இருப்பேன், அதனால் தரைச்சூடுதான். ஃபோம், ஓர ஃபோம், குழாய், சீலிங் தாங்குகிற டிரஸ் எல்லாம் இந்த வருடம், பாய்லர் அடுத்த வருடம். கட்டுபவரிடம் பேசினேன், ஃபோமை நானே விரித்துக்கொள்வதாக இருந்தால் அவருக்கு ஆட்சேபணை இல்லையாம்.

டுலூத் அண்ணா, அந்தப் பச்சைப் புல் விஷயத்தைப் படித்துவிட்டு என் மனைவிதான் முதலில் “ஓரத்தை விடவே கூடாது” என்றாள்.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. பின்னால் இரண்டு தூண் லிஃப்ட் வைக்கும்போது போல்ட் இறக்கத் தரையைத் துளைக்க வேண்டுமே, குழாயில் பட்டுவிடாதா?

பரி_குழாய்வேலை

படாமல் செய்யலாம், லிஃப்ட் எங்கே நிற்கும் என்று இப்பவே முடிவெடுக்கவேணும். ஒவ்வொரு தூண் அடியிலும் 4க்கு 4 அடி இடத்தில் குழாயே ஓட்டாதேங்கோ, சுற்றி வளைத்துக் கொண்டுபோங்கோ. அந்த இரண்டு இடத்திலும் ஜல்லியைக் கூடுதலாகத் தோண்டி கொங்கிறீற் 6 அங்குலத்துக்குக் குறையாமல் வரும்படி பாருங்கோ, லிஃப்ட் புத்தகத்தில் அதைவிடக் கூடுதலாகக் கேட்டிருந்தால் அதன்படி. கீறல் விழாமல் இருக்க வெட்டுகிற கோடு தரையின் கால்பங்கு ஆழம்தான் போகும், குழாய் கொங்கிறீற்றின் அடியிலோ நடுவிலோ இருந்தால் அதுக்குப் பயமில்லை.

ஊற்றுவதற்கு முன்னால் அளவுநாடாவை சுவரிலிருந்து தரையில் விரித்து வைத்து, ஒவ்வொரு நாலடிக்கும் ஒரு படம் எடுங்கோ. நாடாவின் எண் படத்தில் தெளிவாகத் தெரியவேணும். பிறகு எங்கே துளைத்தாலும் அந்தப் படத்தைப் பார்த்துத் துளைக்கலாம். படங்களை அச்சடித்து மேனிஃபோல்ட் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கோ, போன் மாறினாலும் அது அங்கேயே இருக்கும்.