ஆகி கரீடோ: பன்ட் ஞானியா, பழைய பஞ்சாங்கமா?

ஒமாஹாப் பித்தன்:
அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலின் மிகச் சிறந்த பயிற்சியாளர் யார் என்று போன வாரம் வேறொரு இழையில் பேச்சு வந்தது. நான் ஆகி கரீடோ என்றேன். கணக்குப்பிள்ளை, "1970களின் ஆட்டத்தை 2016 வரை ஆடியவர்" என்று ஒரே வரியில் கதையை முடித்துவிட்டார். அங்கே வளர்க்க வேண்டாம், இங்கே வாருங்கள்.

கரீடோ கலிஃபோர்னியாவின் வயேஹோ ஊர்க்காரர், கப்பல் பட்டறைத் தொழிலாளியின் மகன். 1973-ல் கலிஃபோர்னியா ஸ்டேட் ஃபுல்லர்டன் பல்கலைக்கழக அணியைக் கையில் எடுத்தபோது அது முதல் டிவிஷனிலேயே இல்லை. 1975-ல் டிவிஷன் ஏறிய முதல் சீசனிலேயே ஒமாஹா. ஒமாஹா என்றால் நெப்ராஸ்கா மாநில ஊர், கல்லூரி உலகத் தொடர் நடக்கும் இடம். நம்மூர் ரஞ்சி இறுதியைப் போல ஒரே ஆட்டம் இல்லை, எட்டு அணிகள் கூடும் திருவிழா. 1979, 1984, 1995-ல் ஃபுல்லர்டனுக்குக் கோப்பை, 2002, 2005-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு. இரண்டு வெவ்வேறு கல்லூரிகளோடு கோப்பை வென்ற முதல் ஆள் அவர். மொத்தம் 1,975 வெற்றிகள். இதற்கு மேல் என்ன வேண்டும்?

கணக்குப்பிள்ளை:
வெற்றி எண்ணிக்கையை நான் மறுக்கவில்லை. 48 சீசன் இருந்தால் எண்ணிக்கை ஏறத்தான் செய்யும். ஃப்ளோரிடா ஸ்டேட்டின் மைக் மார்ட்டின் 2018-ல் அந்தச் சாதனையைத் தாண்டி, 2019-ல் 2,029 வெற்றியோடு ஓய்வு பெற்றார். 17 முறை ஒமாஹா போயும் ஒரு கோப்பைகூட இல்லை. அவரை யாரும் ஞானி என்று சொல்வதில்லையே?

என் பிரச்சினை பன்ட். முதல் பேஸில் (ரன் எடுக்க வரிசையாகத் தொட்டு ஓட வேண்டிய நான்கு இடங்களில் முதலாவது) ஒருவர் நிற்கிறார், இன்னும் யாரும் அவுட் இல்லை. 2010களின் முதல் பாதி மேஜர் லீக் (அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை லீக்) கணக்குப்படி அந்த நிலையில் அந்த இன்னிங்ஸில் மேற்கொண்டு சராசரியாக 0.86 ரன் வரும். பன்ட் வைத்து அவரை இரண்டாம் பேஸுக்கு நகர்த்தி ஒரு அவுட்டை விலையாகக் கொடுத்தால் அது 0.66. கையில் இருப்பதைக் கொடுத்துக் குறைவானதை வாங்கும் வியாபாரம். கரீடோ இதைப் பரீட்சைக்குப் படிக்கும் பையன் மாதிரி மூன்றாவது இன்னிங்ஸிலேயே செய்வார்.

சும்மா எட்டிப் பார்த்தேன்:
கிரிக்கெட் மட்டும் தெரிந்தவன் கேட்கிறேன். பன்ட் என்றால் என்ன? டிஃபென்ஸ் மாதிரியா?

ஒமாஹாப் பித்தன்:
கிட்டத்தட்ட. மட்டையைச் சுழற்றாமல் குறுக்கே பிடித்து, பந்தைச் செத்த பந்தாகத் தன் முன்னாலேயே உருள விடுவது. மட்டைக்காரர் முதல் பேஸில் அவுட் ஆவார், அந்த நேரத்தில் ஏற்கெனவே பேஸில் நிற்பவர் அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவார். தன் விக்கெட்டைக் கொடுத்து நான்-ஸ்ட்ரைக்கரைக் காப்பாற்றும் ஆளை நினைத்துக்கொள்ளுங்கள்.

கணக்குப்பிள்ளை, உங்கள் 0.86 மேஜர் லீக் எண். அங்கே மூன்றாவது பேஸ்காரர் பன்டை வெறும் கையால் பொறுக்கி எறிவார். கல்லூரிப் பையன் அவசரத்தில் பந்தை முதல் பேஸ்காரர் தலைக்கு மேல் வீசுவான். அப்போது அவுட்டும் இல்லை, ஆள் மூன்றாவது பேஸில். அதுவும் தவிர, இரண்டாம் பேஸில் அவுட் இல்லாமல் ஒருவர் நின்றால் ஒரு ரன்னாவது வரும் வாய்ப்பு 61 சதவீதம், பன்ட் வைத்து மூன்றாவதுக்கு நகர்த்தினால் 65-ஐ ஒட்டி ஏறுகிறது. ஒரு ரன் போதும் என்ற நிலையில் அது நல்ல வியாபாரம். 1979 இறுதியில் ஆர்கன்சாவை ஃபுல்லர்டன் வென்றது எப்படி தெரியுமா? 2-1.

பன்ட் அவருக்கு வெறும் உத்தியும் இல்லை. பத்தில் மூன்று முறை பந்தைச் சரியாக அடித்தால் நட்சத்திரம், ஏழு முறை தோல்வி என்பதுதான் இந்த விளையாட்டு. பயம் உள்ளே புகுந்தால் கை இறுகிவிடும். அன்று அடி வராத பையனும் அணிக்கு ஏதோ ஒன்று செய்துவிட்டு வந்து உட்காரலாம், அதற்கான வழி பன்ட். எதிரணியோடு ஆடாதே, ஆட்டத்தோடு ஆடு என்பது அவர் வாழ்க்கை முழுக்கச் சொல்லிக்கொடுத்த விஷயம்.

லூசியானா மச்சான்:
இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது தலைவரே. எங்கள் ஸ்கிப் பெர்ட்மன் 1984 முதல் 2001 வரை 18 சீசன் எல்.எஸ்.யூ (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) அணியின் பயிற்சியாளராக இருந்தார். 1991, 93, 96, 97, 2000. அஞ்சு கோப்பை! உங்கள் ஆள் 48 சீசனில் வாங்கியதை எங்கள் ஆள் பத்து வருடத்துக்குள் வாங்கிவிட்டார். 1997-ல் அந்த அணி அடித்த ஹோம் ரன் (சிக்ஸர் மாதிரி வேலி தாண்டும் அடி) 188. "கொரில்லா பால்" என்றே பெயர் வைத்தார்கள்.

1996 இறுதி ஆட்டம் நினைவிருக்கிறதா? மயாமியிடம் 8-7 பின்தங்கி, கடைசி இன்னிங்ஸில் இரண்டு அவுட், மூன்றாவது விழுந்தால் ஆட்டம் முடிந்தது. வாரன் மோரிஸ் முதல் பந்தையே வேலிக்கு மேல் தூக்கினார். கை எலும்பு முறிந்து சீசனில் பாதி உட்கார்ந்திருந்த பையன், அந்த வருடம் அவன் அடித்த ஒரே ஹோம் ரன் அதுதான். கரீடோ பெஞ்சில் இருந்திருந்தால் என்ன சைகை காட்டியிருப்பார் என்று நினைத்தாலே சிரிப்பு வருகிறது.

ஒமாஹாப் பித்தன்:
இரண்டு அவுட்டில் யாரும் தியாக பன்ட் வைக்கமாட்டார்கள் மச்சான், அந்தக் கிண்டலே தப்பு.

கொரில்லா பால் அலுமினிய மட்டையின் புண்ணியம். 1998 இறுதி ஆட்டம் 21-14 என்று முடிந்தது, அமெரிக்கக் கால்பந்து ஸ்கோர் மாதிரி. அதற்கப்புறம்தான் மட்டை விதிகளை இறுக்க ஆரம்பித்தார்கள். அப்புறம், கரீடோவுக்கு அடிக்கத் தெரிந்த ஆட்களைப் பிடிக்காது என்பதும் பொய். டிம் வாலக் 1979-ல், ஃபில் நெவின் 1992-ல், மார்க் காட்சே 1995-ல் நாட்டின் சிறந்த கல்லூரி வீரர் விருதான கோல்டன் ஸ்பைக்ஸ் வாங்கினார்கள். மூன்று பேரும் அவரிடம் ஆடியவர்கள்.

கணக்குப்பிள்ளை:
மட்டையைப் பற்றி நீங்களே ஆரம்பித்தது நல்லது. 2011-ல் அலுமினிய மட்டைகளின் வேகத்தை மர மட்டைக்கு நெருக்கமாகக் குறைத்தார்கள், ஹோம் ரன் வறண்டு போனது. ஒமாஹாவில் புதிய மைதானம், பந்து தாண்டவே தாண்டாது. 2014 தொடர் முழுக்க 3 ஹோம் ரன். ஊரே பன்டுக்கு வந்து சேர்ந்த காலம், கரீடோவின் பொற்காலமாக இருந்திருக்க வேண்டாமா? 2012, 2013 இரண்டு வருடமும் டெக்சாஸ் தேசியப் போட்டிக்கே தகுதி பெறவில்லை. 2016-ல் 25 வெற்றி, 32 தோல்வி. அத்தோடு பதவி மாற்றி உட்கார வைத்துவிட்டார்கள்.

ஒமாஹாப் பித்தன்:
2014-ஐ மட்டும் விட்டுவிட்டீர்களே. அந்த வருடம் ஒமாஹாவில் வாண்டர்பில்ட்டிடம் பத்தாவது இன்னிங்ஸில் 4-3 என்று தோற்றுத்தான் வெளியே வந்தார்கள். அந்த வாண்டர்பில்ட்தான் கோப்பை வென்றது. 75 வயது ஆளுக்கு மோசமா?

மரகதம்:
நீங்கள் எல்லாம் பன்டையே கட்டிக்கொண்டு அழுகிறீர்கள். எனக்கு அவரிடம் பிடித்தது வேறு. ஃபுல்லர்டனில் கென் ரவிசா என்ற விளையாட்டு உளவியல் பேராசிரியரை அணிக்குள் கொண்டுவந்தார்கள். உளவியல் என்றாலே மற்ற பயிற்சியாளர்கள் முறைத்துப் பார்த்த காலம். ரவிசா வீரர்கள் உட்காரும் இடத்தில் ஒரு பொம்மை டாய்லெட்டை வைக்கச் சொன்னார். சொதப்பிவிட்டு வந்தாயா, அதை ஃப்ளஷ் பண்ணிவிட்டு அடுத்த பந்துக்குப் போ. சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரியும். ஆனால் 2004-ல் பாதி சீசனில் 15-16 என்று கிடந்த ஃபுல்லர்டன் அந்த டாய்லெட்டோடுதான் கோப்பை வரை போனது. இறுதியில் தோற்றது யார்? கரீடோவின் டெக்சாஸ். தோற்கடித்த ஜார்ஜ் ஹார்டன், கரீடோவிடமே ஆடி வளர்ந்தவர். சொந்த வீட்டுப் பாடத்தில் அடி வாங்கினார் மனிதர்.

என் பையன் பள்ளி அணியில் பந்து வீசுகிறான். அவனுடைய முந்தைய பயிற்சியாளர், ஒரு வாக் (நாலு மோசமான பந்து போட்டு எதிராளியைச் சும்மா முதல் பேஸுக்கு அனுப்புவது) கொடுத்தாலே வெளியே இழுத்துவிடுவார். பையன் பந்தைப் பார்க்கமாட்டான், பெஞ்சைத்தான் பார்ப்பான். இதை அனுபவித்த பிறகுதான் கரீடோ சொன்ன பயம் எது என்று எனக்குப் புரிந்தது.

இடதுகை:
மரகதம் அக்கா, அதே கரீடோ தோற்ற பிறகு பையன்களைக் கிழித்துத் தொங்கவிடும் ஒலிப்பதிவும் இணையத்தில் சுற்றுகிறதே. இரண்டு வாக்கியத்துக்கு ஒரு கெட்ட வார்த்தை. பயத்தை விரட்டும் முறையா அது?

அதையும் விடுங்கள். கோபம் எல்லாருக்கும் வரும். நான் கேட்பது 2009 மே 30.

டெக்சாஸ் பல்கலைக்கழக ஊரான ஆஸ்டினில் பாஸ்டன் காலேஜோடு ஆட்டம். ஒன்பது இன்னிங்ஸில் முடிய வேண்டியது 25 இன்னிங்ஸ் போனது. 7 மணி 3 நிமிடம். கல்லூரி பேஸ்பால் வரலாற்றில் மிக நீண்ட ஆட்டம். டெக்சாஸின் ஆஸ்டின் வுட் என்ற இடதுகைப் பிட்சர் (பந்து வீசுபவர்), வழக்கமாகக் கடைசியில் வந்து ஆட்டத்தை முடித்துக்கொடுப்பவர், முந்தின நாளும் வீசியவர், ஏழாவது இன்னிங்ஸில் வந்தார். பத்தொன்பதாவது வரை நின்றார். 13 இன்னிங்ஸ், அதில் 12⅓ வரை ஒரு ஹிட்கூட (அடித்து பேஸ் ஏறுவது) கொடுக்கவில்லை. 169 பந்துகள்.

கிரிக்கெட் நண்பருக்காகச் சொல்கிறேன். 28 ஓவருக்கு மேல், ஒவ்வொரு பந்தும் முழு வேகத்தில், ஒரே இரவில். ஆரம்பத்திலிருந்து வீசும் பிட்சரையே நூறை ஒட்டி இறக்கிவிடுவார்கள். மேஜர் லீக் அணியான டெட்ராய்ட் அந்த வருடமே அவரை டிராஃப்டில் (புது வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் முறை) எடுத்தது. மேஜர் லீகில் ஒரு பந்துகூட அவர் வீசவில்லை.

நானும் கல்லூரியில் கிரிக்கெட் பந்து வீசியவன். தோள் போனவன். அதனால் எனக்கு இந்த எண் வெறும் எண் இல்லை.

ஒமாஹாப் பித்தன்:
அந்த ஆட்டத்தை நான் நள்ளிரவு தாண்டி விழித்திருந்து பார்த்தேன். வுட் ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் தானாகவேதான் பந்து வீசும் மேட்டுக்கு ஓடினார். எதிரணி ரசிகர்களும் எழுந்து நின்று கை தட்டினார்கள். அவரைப் பலவந்தமாக யாரும் அனுப்பவில்லை.

அந்தப் பக்கமும் பாருங்கள். பாஸ்டன் காலேஜின் மைக் பெல்ஃபியோர் 9⅔ இன்னிங்ஸ், 129 பந்து வீசினார். அவரும் கடைசியில் வருகிற பிட்சர்தான். அவர் 2013-ல் பால்டிமோர் அணிக்காக மேஜர் லீகில் ஆடினார்.

இடதுகை:
ஒரே ஒரு ஆட்டம் ஆடினார். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அந்தப் பக்கப் பயிற்சியாளரும் அதையே செய்தார் என்பது பதிலே இல்லை. அவரை யாரும் ஞானி என்று இழை தொடங்கவில்லை.

மரகதம்:
"தானாகவே ஓடினார்" என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அந்த வயதுப் பையனிடம், நாடே பார்க்கும்போது, முடியுமா என்று கேட்டால் முடியும் என்றுதான் சொல்வான். என் பையனுக்குப் பதினாறு வயது, காய்ச்சலோடு நின்றுகொண்டு "ஒன்றுமில்லை அம்மா" என்பான். வேண்டாம் என்று சொல்வதற்குத்தானே அங்கே ஒரு பெரியவர் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்?

முடிவைப் பார்க்காதே, இந்தப் பந்தைப் பார் என்று முப்பது வருடம் பாடம் எடுத்தவர், அன்று முடிவைத்தான் பார்த்தார். தோற்றிருந்தாலும் வெளியேறியிருக்க மாட்டார்கள், இரண்டு தோல்விக்குத்தான் வெளியே.

லூசியானா மச்சான்:
2009 என்றால் இன்னொன்றும் உண்டு. ஜனவரியில் குடித்துவிட்டுக் கார் ஓட்டி கைதானார், முதல் 4 ஆட்டத்துக்குப் பல்கலைக்கழகம் தடை போட்டது. அந்த வருட ஒமாஹா இறுதிச் சுற்றில் எங்கள் ஆட்கள் அவரை 2-1 என்ற ஆட்டக் கணக்கில் முடித்தார்கள் 😄

கணக்குப்பிள்ளை:
மச்சான், கார் விஷயத்துக்கும் பயிற்சிக்கும் முடிச்சுப் போட வேண்டாம். இறந்துபோனவர், 2018-லேயே போய்விட்டார்.

நான் பன்ட் பற்றிச் சண்டை போட வந்தேன். இடதுகை சொன்னதைப் படித்த பிறகு அது அற்ப விஷயமாகத் தெரிகிறது. பன்டில் அதிகபட்சம் 0.2 ரன் போகும். ஒரு விஷயத்தில் மட்டும் பித்தனுக்கு விட்டுக்கொடுக்கிறேன்: 1998-ல் 23 வெற்றி, 32 தோல்வி என்று டெக்சாஸில் அவர் தடுமாறியபோது நான் அந்தப் பல்கலைக்கழகத்தில் முடிவெடுப்பவனாக இருந்திருந்தால் அனுப்பியிருப்பேன். நாலே வருடத்தில் கோப்பை கொண்டுவந்தார்.

ஒமாஹாப் பித்தன்:
கணக்குப்பிள்ளை வாயால் இது வந்ததே, படம் பிடித்து வைத்துக்கொள்கிறேன்.

169 பற்றி நேற்றிலிருந்து யோசிக்கிறேன். வுட்டுக்கு அது வாழ்க்கையின் மிகப் பெரிய இரவு என்றுதான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன், இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் 120-க்கு மேல் அவரை வைத்திருந்ததற்கு என்னிடம் பதில் இல்லை. பெஞ்சில் வேறு ஆள் இருந்தார்கள்.

சும்மா எட்டிப் பார்த்தேன்:
அந்த 25 இன்னிங்ஸ் ஆட்டத்தில் யார் ஜெயித்தது என்று யாருமே சொல்லவில்லையே?

ஒமாஹாப் பித்தன்:
அட, ஆமாம். டெக்சாஸ், 3-2. மறுநாளே ஆர்மி அணியோடு ஆட வேண்டியிருந்தது. பிட்சர்கள் எல்லாம் களைத்துப்போய், ஆர்மி பத்து ரன் அடித்துவிட்டது. கடைசி இன்னிங்ஸில்தான் 14-10 என்று முடித்தார்கள்.

சும்மா எட்டிப் பார்த்தேன்:
பன்ட் வைத்தா?

லூசியானா மச்சான்:
நான் சொல்கிறேன், நான் சொல்கிறேன்! மூன்று பேஸிலும் ஆள் நிற்க, பிரஸ்டன் கிளார்க் அடித்த ஹோம் ரன். 😄😄