அடுத்தடுத்த ஹாலோ கோர் சிலாபில் 18 மி.மீ. ஏற்ற இறக்கம், டாப்பிங் போடலாமா?

கேட்டவர்:
ஹாலோ கோர் சிலாப், அதாவது உள்ளே நீளவாக்கில் குழாய் போல வெற்றிடம் விட்டு முன்கூட்டியே வார்த்து வரும் கான்கிரீட் பலகை. 8.4 மீட்டர் ஸ்பான் (பீமுக்குப் பீம் இடைவெளி), 200 மி.மீ. தடிமன், 1.2 மீட்டர் அகலம். நேற்றுதான் கிரேனில் ஏற்றி வைத்தோம். பீம் மேல் மட்டம் சரியாக இருக்கிறது. நடு ஸ்பானில் மட்டும் ஒரு சிலாப் பக்கத்துச் சிலாபைவிட 18 மி.மீ. தூக்கி நிற்கிறது. மேலே 50 மி.மீ. டாப்பிங் (சைட்டில் போடும் கான்கிரீட் அடுக்கு) வர வேண்டும். தூக்கின இடத்தைக் கிரைண்டரில் தேய்த்துவிடலாம் என்கிறார் மேஸ்திரி. சிலாப்களுக்கு நடுவிலுள்ள ஜாயிண்ட்டை இன்னும் க்ரௌட் (சிமெண்ட் கலவை ஊற்றி அடைப்பது) பண்ணவில்லை.

ரசமட்டம்:
க்ரௌட் பண்ணாதது நல்லதாப் போச்சு. முதல்ல கிரைண்டரை ஓரமா வைங்க. கோருக்கு, அதான் உள்ளே இருக்கிற வெற்றிடத்துக்கு, மேலே இருக்கிற கான்கிரீட்டே சுமார் 30 மி.மீ.தான், அதுல 18 போனா என்ன மிச்சம்? தூக்கல் தப்பில்லை. ஸ்ட்ராண்டை (முறுக்குக் கம்பியை) அடிப்பக்கமா இழுத்து வார்க்கிறதால சிலாப் வில்லு மாதிரி மேலே வளையும், நாளாக ஆக இன்னும் ஏறும். வார்த்த தேதி சிலாப்லயே எழுதியிருக்கும், பாருங்க.

கம்பிக்கட்டு:
சிலாபோட அறுத்த முனையையும் பாருங்க சார். ஸ்ட்ராண்ட் உள்ளே இழுத்துக்கிட்டுப் போயிருந்தா பிடிப்பு நழுவியிருக்குன்னு அர்த்தம், வளைவும் குறைஞ்சிருக்கும். அப்படின்னா சந்தேகப்பட வேண்டியது தூக்கி நிக்கறதை இல்ல, படுத்துக் கிடக்கறதை.

கேட்டவர்:
இரண்டு சிலாபின் முனையிலும் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், ஸ்ட்ராண்ட் எதுவும் உள்ளே போகவில்லை. தூக்கினது மற்றதைவிட 5 வாரம் மூத்தது!

ரசமட்டம்:
அதேதான். கிரேன் இருக்கும்போதே இடம் மாத்துங்க, ஒத்த வளைவு இருக்கிறது பக்கத்துல பக்கத்துல வரட்டும். மிச்ச வித்தியாசத்துக்கு நடு ஸ்பான்ல மேலயும் கீழயும் ஸ்டீல் சேனல் வெச்சு, ஜாயிண்ட் வழியா போல்ட் விட்டு இறுக்குங்க. க்ரௌட் இறுகின பிறகு கழட்டுங்க. எவ்வளவு இழுக்கலாம்னு சிலாப் கொடுத்தவங்க இன்ஜினியரைக் கேட்டுக்கோங்க. டாப்பிங்ல ஒரு கணக்கு இருக்கு. நடுவுல வளைவு 30 மி.மீ.ன்னு வைங்க, அங்க 50 வேணும்னா பீம் கிட்ட 80 வரும். சராசரியா 10 மி.மீ. கூடுதல், சதுர மீட்டருக்கு 25 கிலோ. டிசைனர் வெறும் 50-க்குத்தான் லோடு எடுத்திருப்பார், போன் போட்டுக் கேளுங்க.

கேட்டவர்:
டாய்லெட்டுக்கு 110 மி.மீ. பைப் ஓட்டை, அப்புறம் 450 மி.மீ. சதுரத்தில் ஒரு டக்ட். சைட்டில் அறுக்கலாமா?

கம்பிக்கட்டு:
பைப் ஓட்டையைக் கோர் நடுவுல போட்டா பெரும்பாலும் ஸ்ட்ராண்ட் தப்பிச்சுடும். குறுக்கே ஒரே வரிசையா மட்டும் போடாதீங்க. டக்ட் வேற கதை. ரெண்டு மூணு ஸ்ட்ராண்டாவது அறுபடும், அந்த லோடைப் பக்கத்துச் சிலாப் மேல தூக்கிப் போட ஸ்டீல் ஆங்கிள் வேணும். டிராயிங்லயே சொல்லியிருக்கணும். சைட்லயே வார்க்கிற கூரைன்னா நாலு கம்பியைக் கூடுதலா கட்டிட்டுப் போயிருப்போம், இதுல அந்தச் சலுகை கிடையாது. அப்புறம், அடியில கோருக்கு ஒண்ணா தண்ணி வடியச் சின்னத் துளை இருக்கும், பெயிண்டர் வர்றதுக்கு முன்னாடி எல்லாத்தையும் குத்தி விடுங்க.

கேட்டவர்:
இரண்டு சிலாபை மாற்றினோம், இப்போது வித்தியாசம் 6 மி.மீ. அதைச் சேனல் வைத்து இறுக்கியாயிற்று. டக்ட் இடம் டிசைனரிடம் போயிருக்கிறது, அதுவரை தொடவில்லை. துளைகளைக் குத்தினோம்; ஒன்றிலிருந்து மட்டும் அரை வாளி மழைத் தண்ணீர் கொட்டியது.