எலி கடித்த சார்ஜருக்குப் பதில் புதுசு வாங்கினேன், பேட்டரி ஏற மறுக்கிறது

கரூர் தட்டச்சு எழுதியது:

வணக்கம். வீட்டில் இருந்தபடியே பதிப்பகங்களுக்குத் தட்டச்சும் மெய்ப்பும் பார்த்துக் கொடுக்கிறேன். என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய டெல் லேட்டிட்யூட் லேப்டாப். இரண்டு வாரத்துக்கு முன்னால் பீரோவுக்குப் பின்னால் கிடந்த சார்ஜர் ஒயரை எலி கடித்துவிட்டது. உள்ளே செம்பு தெரிந்தது. தம்பி கருப்பு டேப் சுற்றிக் கொடுத்தான். இரண்டு நாள் ஓடியது, அப்புறம் சுத்தமாக நின்றுவிட்டது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் 650 ரூபாய்க்குப் புதுசு வாங்கினேன். பழையதில் இருக்கிற அதே 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர்தான் இதன் லேபிளிலும் போட்டிருக்கிறது. செருகினால் லேப்டாப் ஓடுகிறது. ஆனால் பேட்டரி 7 சதவீதத்திலேயே நிற்கிறது. ஆன் செய்யும்போது கருப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு அறிவிப்பு வருகிறது: அடாப்டர் என்ன வகை என்று தெரியவில்லையாம், கணினி மெதுவாக ஓடுமாம், பேட்டரி சார்ஜ் ஆகாதாம். மெதுவு என்றால் கொஞ்சநஞ்ச மெதுவு இல்லை. "கொண்டிருக்கிறார்கள்" என்று நான் அடித்து முடித்துக் கையை எடுத்த பிறகும் திரையில் "கொண்டி" என்றுதான் நிற்கிறது.

கடைக்காரரிடம் கேட்டால் பேட்டரி போய்விட்டது, 2,800 ஆகும் என்கிறார். எலி கடித்த அன்று காலை வரை இரண்டரை மணி நேரம் தாங்கிய பேட்டரி இது. ஞாயிற்றுக்கிழமைக்குள் 180 பக்கம் கொடுக்க வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

—

ராத்திரி ஷிப்ட் எழுதியது:

இதெல்லாம் வேண்டாம், பேசாமல் ஒரு யூனிவர்சல் சார்ஜர் வாங்கிவிடுங்கள். எட்டு முனை கூடவே வரும், வோல்ட்டையும் திருகி வைத்துக்கொள்ளலாம். ஆனால் 90 வாட் மட்டும் வாங்காதீர்கள். 65 வாட் லேப்டாப்புக்கு 90 போட்டால் போர்டு எரிந்துவிடும்.

—

திண்டுக்கல் சால்டர் எழுதியது:

ராத்திரி ஷிப்ட் தம்பி, கோபித்துக்கொள்ளக் கூடாது. இரண்டுமே தப்பு. முதலில் அதைச் சரி செய்துவிட்டு வருகிறேன்.

பந்தியில் சாம்பார் வாளி பெரிதாக இருக்கிறது என்பதற்காக யாருக்கும் வயிறு வெடிப்பதில்லை. இலைக்காரர் கேட்கிற அளவுதான் விழும். ஆம்பியர் அப்படித்தான், லேப்டாப் கேட்பதைத்தான் சார்ஜர் கொடுக்கும். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட், லேபிளில் உள்ள 19.5-ஐயும் 3.34-ஐயும் பெருக்கினால் 65. அந்த 65 வாட் கேட்கிற இடத்தில் 90 வாட் தாராளமாகப் போடலாம். 45 வாட் போட்டால்தான் சிக்கல்: சூடாகும், அல்லது ஓடிக்கொண்டே சார்ஜ் ஏறாது. வோல்ட் கதை வேறு. அது லேபிளில் உள்ளபடியே இருக்க வேண்டும். திருகி வைக்கிற யூனிவர்சல் சார்ஜரை வீட்டில் பிள்ளைகள் 24-இல் திருகி வைத்து, அப்படியே 19 வோல்ட் லேப்டாப்பில் செருகியதாக என் மேசைக்கு வந்த போர்டுகளை எண்ணிச் சொல்ல முடியாது. திருகு இல்லாமல் தானே வோல்ட் பார்த்துக்கொள்ளும் வகையும் உண்டு, ஆனால் அதுவும் இந்தத் தங்கச்சிக்கு உதவாது. ஏன் என்று சொல்கிறேன்.

தங்கச்சி, உங்கள் பழைய சார்ஜர் முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பென்சில் கனத்தில் ஒரு குழாய், நடுவில் ஊசி மாதிரி ஒரு பின் இருக்கும். நிறையப் பேர் அந்தப் பின்னில்தான் கரண்ட் வருகிறது என்று நினைக்கிறார்கள். இல்லை. குழாயின் வெளிப்பக்கம் நெகட்டிவ், உட்பக்கச் சுவர் பாசிட்டிவ். நடுப் பின் பேசுவதற்கு மட்டும். சார்ஜர் டப்பாவுக்குள் ஒரு சின்ன சிப் இருக்கிறது. லேப்டாப் அந்தப் பின் வழியாக "நீ யார், எத்தனை வாட்?" என்று கேட்கும். "டெல், 65" என்று பதில் வந்தால் சார்ஜ் ஏற்றும். பதில் வரவில்லை என்றால் ஓட மட்டும் விடும், பேட்டரிக்கு விடாது, பிராசசரையும் மெதுவாக்கிவிடும். அதனால்தான் உங்களுக்கு "கொண்டி"யோடு நிற்கிறது.

லேபிளில் 19.5 என்று அச்சடிக்கக் காசு அதிகம் ஆகாது. சிப் வைக்கத்தான் ஆகும். பல டூப்ளிகேட்டுகளில் நடுப் பின் பெயருக்கு இருக்கும், பின்னால் ஒன்றும் இருக்காது. ஹெச்பி-யின் பழைய பெரிய முனையும் 7.4 மில்லிமீட்டர்தான், நடுவில் பின்னும் உண்டு, டெல்லில் கச்சிதமாகப் போய் உட்காரும். ஆனால் அது பேசுகிற பாஷை வேறு. முனை பொருந்திவிட்டதால் சார்ஜர் பொருந்திவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் நீங்கள் சொன்னதில் எனக்குக் கவலையாக இருப்பது அந்த டேப் சுற்றிய இரண்டு நாள்தான். டெல் ஒயரை வெட்டிப் பார்த்தால் வெளியே ஒரு செம்புப் பின்னல், அதற்குள் உறை போட்டு பாசிட்டிவ், அதோடு தலைமுடி கனத்தில் பேச்சுக் கம்பி. எலி கடித்த இடத்தில் பாசிட்டிவும் பேச்சுக் கம்பியும் ஒன்றையொன்று தொட்டிருந்தால் 19.5 வோல்ட் நேராக அந்த மெல்லிய லைனில் ஏறி, லேப்டாப்புக்குள் கேட்கிற பக்கம் போயிருக்கும். அப்படிப் போயிருந்தால் எந்த ஒரிஜினல் சார்ஜர் போட்டாலும் இதே அறிவிப்புதான் வரும். அதனால் புது சார்ஜர் தப்பா, லேப்டாப் தப்பா என்று இப்போதே யாரும் சொல்ல முடியாது. பேட்டரி என்று கடைக்காரர் சொன்னதை மட்டும் ஒதுக்கி வையுங்கள். பேட்டரி கெட்டால் அடாப்டர் தெரியவில்லை என்று எதற்கு அறிவிப்பு வருகிறது?

பணம் செலவழிக்கும் முன் இதைச் செய்யுங்கள். புது சார்ஜரைச் செருகி, ஆன் செய்த உடனே எஃப் 2 பொத்தானைத் தட்டிக்கொண்டே இருங்கள். பயாஸ் திரை, அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் வருகிற அமைப்புத் திரை, வரும். அதில் பேட்டரி பற்றிய பக்கத்தில் ஏசி அடாப்டர் என்று ஒரு வரி இருக்கும். 65 வாட் என்று காட்டுகிறதா, தெரியவில்லை என்கிறதா? அப்புறம் யாரிடமாவது டெல் ஒரிஜினல் சார்ஜர், அதே முனை உள்ளது, 65-ஓ 90-ஓ, பத்து நிமிடம் இரவல் வாங்கி அதே வரியைப் பாருங்கள். இந்த இரண்டு பதிலும் போதும்.

மல்டிமீட்டர் இருந்தால் வோல்ட்டும் பார்க்கலாம். ஆனால் 19.5 காட்டுகிறதே என்று நம்பிவிடாதீர்கள். லோடு இல்லாமல் வைத்துப் பார்த்தால் நொண்டி சார்ஜரும் 19.5 காட்டும், லேப்டாப்பில் செருகிய பிறகுதான் படுக்கும். டப்பாவை மட்டும் யாரும் பிரிக்க வேண்டாம். 230 வோல்ட் ஏசி உள்ளே போய் 320-க்கு மேல் டிசியாகிப் பெரிய கெப்பாசிட்டரில் உட்கார்ந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில நேரம் அங்கேயே இருக்கும். எனக்கு விழுந்திருக்கிறது.

—

கரூர் தட்டச்சு எழுதியது:

அண்ணா, செய்துவிட்டேன். புது சார்ஜரில் தெரியவில்லை என்றுதான் காட்டுகிறது. எதிர்வீட்டு அக்காவின் மகன் காலேஜ் லேப்டாப்பும் டெல்தான், ஆனால் அவன் முனை சின்னதாக இருந்தது, என்னுடையதில் ஆடியது. கடைசியில் மாடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவரிடம் 90 வாட் ஒன்று கிடைத்தது. போட்டேன். 90 என்று காட்டியது. பேட்டரி விளக்கு எரிகிறது, எழுத்தும் விரலோடு வருகிறது. ஆறு மணிக்குத் திருப்பித் தர வேண்டும், அதற்குள் 62 சதவீதம் ஏற்றிவிட்டேன்.

—

திண்டுக்கல் சால்டர் எழுதியது:

நல்ல வேளை, லேப்டாப் தப்பித்தது. அந்தச் சின்ன முனை 4.5 மில்லிமீட்டர், பிறகு வந்த டெல்களில் இருப்பது. அதுவும் அதே 19.5-தான். இரண்டுக்கும் நடுவில் ஒரு மாற்று முனை கிடைக்கும், ஆனால் நடுப் பின்னைச் சேர்த்துக் கடத்துகிற மாதிரி பார்த்து வாங்க வேண்டும்.

இனி கடைக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டே போங்கள். காசு கொடுக்கும் முன் அங்கேயே எஃப் 2 போட்டு 65 என்று வருகிறதா பாருங்கள். வரவில்லை என்றால் அடுத்ததைக் கேளுங்கள். லேபிளில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும், ஐஎஸ் என்று தொடங்கும் தர எண்ணும், ஆர் என்று தொடங்கி எட்டு இலக்கமும் இருக்க வேண்டும். அந்த ஆர் எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் யார் பெயரில், எந்தப் பொருளுக்குப் பதிவு என்று காட்டும். ஒரு முறை ஒருவர் கொண்டுவந்த சார்ஜரின் எண்ணைப் போட்டுப் பார்த்தோம், எல்இடி பல்பு என்று வந்தது. எடையைத் தூக்கிப் பார்த்து வாங்குவது அந்தக் காலத்து வித்தை, இப்போது நல்ல சார்ஜர்களே கையளவில் வருகின்றன.

எலி கடித்த பழையதைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். டப்பாவும் சிப்பும் நன்றாக இருந்தால், முனையோடு மூன்று கம்பி ஒயர் தனியாகக் கிடைக்கும். சென்னை ரிச்சி தெருவில் நான் கட்டாக வாங்கி வைப்பேன். கடித்த இடத்துக்கு மேலே வெட்டி இதை ஒட்டிவிடலாம். மூன்று கம்பியையும் தனித்தனியாகச் சால்டர் வைத்து, தனித்தனியாகச் சூட்டில் சுருங்கும் குழாய் போட வேண்டும், மூன்று இணைப்பும் ஒரே இடத்தில் வராமல் ஏற்ற இறக்கமாக வைக்க வேண்டும். நிறம் பார்த்துச் சேர்க்கக் கூடாது. மீட்டரில் பீப் வைத்து, முனையின் எந்தப் பகுதி எந்தக் கம்பி என்று பார்த்த பிறகுதான். தம்பியிடம் டேப்பை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

—

சிவகாசி டிசைன் எழுதியது:

நடுவில் நுழைகிறேன். என் லெனோவாவில் டைப் சி சார்ஜிங். சார்ஜர் போய்விட்டது. வீட்டில் 33 வாட் மொபைல் சார்ஜர் இருக்கிறது, செருகினால் ஒரு அசைவும் இல்லை. ஓட்டை ஒன்றுதானே?

—

திண்டுக்கல் சால்டர் எழுதியது:

ஓட்டை ஒன்றுதான், பேச்சு வேறு. மொபைல் கம்பெனிகள் பல தங்கள் சொந்த முறையில் வேகம் காட்டுகின்றன. லேப்டாப் கேட்பது பவர் டெலிவரி, பிடி என்று போட்டிருக்கும். சார்ஜரின் வெளியீட்டு வரியைப் படியுங்கள். 5, 9, 15 என்று போய் 20 வோல்ட் 3.25 ஆம்பியர் என்று முடிந்தால் அது 65 வாட், உங்களுக்கு ஆகும். மொபைல் சார்ஜரில் பெரும்பாலும் 20 என்ற வரியே இருக்காது.

ஒயரையும் கவனியுங்கள். இரு பக்கமும் டைப் சி உள்ள சாதாரண ஒயர் 3 ஆம்பியர் வரைதான், அதாவது 60 வாட். அதற்கு மேல் போக ஒயர் தலைக்குள் சிப் இருக்க வேண்டும், உறையில் 100 அல்லது 240 வாட் என்று போட்டிருப்பார்கள். 65 வாட் சார்ஜரை வாங்கிப் பழைய மொபைல் ஒயரில் போட்டுவிட்டு சார்ஜர் சரியில்லை என்று வருகிறவர்கள் வாரத்துக்கு ஒருவராவது உண்டு.

—

கரூர் தட்டச்சு எழுதியது:

அண்ணா, இன்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அதே கடைக்குப் போனேன். எஃப் 2 தட்டியதும் கடைக்காரர் என்னம்மா பண்றீங்க என்றார். அந்த வரியைக் காட்டினேன். இரண்டாவதாகக் கொடுத்ததும் தெரியவில்லை. மூன்றாவதை உள்ளே போய் ஒரு அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து வந்தார், 65 என்று வந்தது. 1,450 சொன்னார். முதலில் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்து, அதற்கு 650 கழித்துக்கொண்டு மீதி 800 கொடுத்தேன். ஆர் எண்ணைச் செயலியில் போட்டேன், அடாப்டர் என்றே வந்தது.

இன்னொரு சந்தேகம். இதில் எழுதும்போது லேப்டாப்பின் உலோக ஓரத்தில் மணிக்கட்டு பட்டால் லேசாகச் சுர்ரென்று இருக்கிறது. எலி கடித்த பழையதில் இப்படி இல்லை.

—

திண்டுக்கல் சால்டர் எழுதியது:

சுவரில் எப்படிச் செருகியிருக்கிறீர்கள்? மூன்று பின் பிளக்கை இரண்டு பின் மாற்றியில் போட்டிருந்தால் எர்த் அறுந்துவிடும். சார்ஜருக்குள் இருக்கும் வடிகட்டிக் கெப்பாசிட்டர் வழியாகக் கசிகிற கொஞ்சம் கரண்டுக்குப் போக வழி இருக்காது, உங்கள் மணிக்கட்டைத் தேடி வரும்.

—

கரூர் தட்டச்சு எழுதியது:

ஆமாம் அண்ணா. எலிக்குப் பயந்து மேசை மேலே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்தேன், அது இரண்டு பின்தான். இப்போது சுவரில் நேராகப் போட்டுவிட்டேன், சுர் இல்லை. பக்கம் 112-இல் இருக்கிறேன்.