20 படுக்கை ஹாஸ்பிஸ்: நர்சுகளுக்கும் ஆயாம்மாக்களுக்கும் கடைசி நாட்கள் பராமரிப்பை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

வார்டு_இன்சார்ஜ் (கேள்வி)

வணக்கம். மாவட்டத் தலைநகர் ஒன்றில் அறக்கட்டளை நடத்தும் 20 படுக்கை ஹாஸ்பிஸ் (குணமாக்க முடியாத நோயாளிகளைக் கடைசிக் காலத்தில் பராமரிக்கும் இடம்). பெரும்பாலும் முற்றிய புற்றுநோய், அதிலும் வாய், கழுத்து கேஸ்கள் அதிகம். மீதி சிறுநீரகச் செயலிழப்பு, பக்கவாதம். பகலில் 3 நர்ஸ், இரவில் 1 நர்ஸ், 2 ஆயாம்மா. டாக்டர் காலையில் ரவுண்ட்ஸ் வருவார், மற்ற நேரம் போனில்தான். கடும் வலிக்கான மார்ஃபின் வைத்திருக்க அங்கீகாரம் இருக்கிறது. மாத்திரை, ஊசி இரண்டும் ஸ்டாக் உண்டு.

சிக்கல் கடைசி இரண்டு மூன்று நாட்களில்தான். பகலில் ஒழுங்காகப் போகிற கேஸ் ராத்திரி குலைந்துவிடுகிறது. தொண்டையில் களகளவென்று சத்தம் வந்தால் குழாய் விட்டுச் சளியை உறிஞ்சும் சக்‌ஷன் போடுகிறார்கள். விழுங்க முடியாமல் போனதும் மார்ஃபின் அப்படியே நின்றுவிடுகிறது. உறவினர் சத்தம் போட்டால் டிரிப் ஏற்றுகிறார்கள். சில சமயம் 108-க்கு போன் போட்டு ஆளையே அனுப்பிவிடுகிறார்கள். வெளியாள் வைத்து ஒரு நாள் வகுப்பு நடத்தினோம். ஸ்லைடு, சாப்பாடு, சான்றிதழ் எல்லாம் ஆச்சு, வார்டில் ஒன்றும் மாறவில்லை.

எதை முதலில் சொல்லித்தருவது, எப்படிச் சொல்லித்தருவது? வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஆறேழு மாதத்தில் கிளம்பிவிடுகிறார்கள், அதற்கும் ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.

வலிமருத்துவர்

நீங்கள் எழுதியதில் பாதி பயிற்சிக் குறை இல்லை, ஆர்டர் குறை. இரவு நர்சுக்கு எவ்வளவு தெரிந்திருந்தாலும் கேஸ் ஷீட்டில் எழுதாத மருந்தை அவரால் கொடுக்க முடியாது. கையில் இருப்பது சக்‌ஷனும் டிரிப்பும்தான், அதைத்தான் செய்வார். விழுங்குவது குறைகிறது என்று தெரிந்த அன்று சாயங்காலத்துக்குள் நான்கு எஸ்ஓஎஸ் (தேவைப்படும்போது மட்டும் கொடுக்கும்) மருந்து, தோலடி ஊசியாக, எழுதி வைக்கச் சொல்லுங்கள்: வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் மார்ஃபின், பதற்றத்துக்கு மிடசோலாம் 2.5 மி.கி.; குமட்டலுக்கும் பிதற்றலுக்கும் ஹாலோபெரிடால் 0.5 முதல் 1 மி.கி.; தொண்டைச் சளிக்கு ஹையோசின் பியூட்டைல்புரோமைடு 20 மி.கி. அல்லது கிளைகோபைரோலேட் 0.2 மி.கி. எத்தனை மணி இடைவெளியில், எத்தனை டோஸுக்கு மேல் போனால் டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்பதும் அதே வரியில் இருக்க வேண்டும். இவை வழக்கமான தொடக்க அளவுகள். நோயாளியைப் பார்த்து உங்கள் டாக்டர்தான் முடிவு செய்வார்.

நர்சுகளுக்கு முதல் பாடமாக மார்ஃபின் கணக்கை வையுங்கள். போர்டில் போட்டுக் காட்டக்கூடாது, பேனாவும் பேப்பரும் கொடுத்து அவர்களையே போட வைக்க வேண்டும். வாய்வழி 10 மி.கி. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் நாளைக்கு 60. இடையில் வலி வந்தால் கொடுக்கும் டோஸ் ஆறில் ஒரு பங்கு, அதாவது 10. நேற்று அப்படி 3 முறை கேட்டிருந்தால் மொத்தம் 90. இன்றைய வழக்கமான டோஸ் 15 ஆக வேண்டும் என்று டாக்டரிடம் கேட்கத் தெரிய வேண்டும். விழுங்க முடியாமல் போனால் தோலடிக்கு பாதி: 60 என்பது 30, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 5 மி.கி. சில மையங்களில் மூன்றில் ஒரு பங்கு என்று எடுப்பார்கள். உங்கள் டாக்டர் எதை எடுக்கிறாரோ அந்த ஒன்றை மட்டும் சுவரில் ஒட்டுங்கள்.

இங்கே தப்பு நடக்கும் இடங்கள் மூன்று. ஆம்பூலில் மி.லி.க்கு 10 மி.கி.யும் வருகிறது, 15-உம் வருகிறது. ஸ்டாக் மாறும்போது பழைய பழக்கத்தில் அரை மி.லி. இழுத்தால் 5-க்குப் பதில் 7.5 போய்விடும். அதனால் ஆர்டரும் ரெஜிஸ்டரும் மி.கி.யில்தான். இரண்டாவது, சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு மார்ஃபினின் கழிவு உடம்பில் தங்கும். கைகால் வெடுக்வெடுக்கென்று துள்ளுவதும் தூக்கம் கூடுவதும் அதன் அடையாளம். அதை வலி என்று நினைத்து இன்னொரு டோஸ் கொடுத்தால் இன்னும் மோசமாகும். அளவைக் குறைப்பது, இடைவெளியை 6, 8 மணி ஆக்குவது, ஃபென்டனில் என்ற வேறு வலி மருந்துக்கு மாற்றுவது என்று டாக்டர் பார்ப்பார். மூன்றாவது, மார்ஃபின் எழுதியவர்கள் மலமிளக்கியான பைசகோடில் எழுத மறப்பது. எட்டு நாள் மலம் போகாதவர் ராத்திரி புரண்டு கத்துவதை வலி என்றே எல்லோரும் எழுதிவைப்பார்கள்.

சமுதாய_சிஸ்டர்

டாக்டர் சொன்னது சரிதான், ஆனா என்னைக் கேட்டா முதல் பாடம் ஆயாம்மாக்களுக்கு, நர்சுக்கு இல்லை. நோயாளி பக்கத்துல அதிக நேரம் இருக்கறது அவங்கதான். உங்க ஒரு நாள் வகுப்புக்கு அவங்களைக் கூப்பிட்டிருக்கவே மாட்டீங்க.

வகுப்பறை வேண்டாம். ஷிஃப்ட் மாத்தும்போது 20 நிமிஷம், படுக்கை பக்கத்துல, வாரத்துக்கு ஒரே ஒரு வேலை. நீங்க ஒருதரம் செஞ்சு காட்டுங்க, அவங்களை ஒருதரம் செய்யச் சொல்லுங்க, மறுநாள் சொல்லாம கொள்ளாம போய்ப் பாருங்க. அதே பாடம் ராத்திரி டியூட்டிக்கும் நடக்கணும், அதுக்கு நீங்க ராத்திரி வரணும். வேற வழி கிடையாது. படிக்கத் தெரியாதவங்களுக்கும் இது பொருந்தும்.

முதல் வாரம் வாய்ப் பராமரிப்பு. கடைசி நாள்ல வாயைத் திறந்தே மூச்சு விடுவாங்க, நாக்கு காய்ஞ்சு வெடிச்சிடும். ஆறின வெந்நீர் ஒரு டம்ளர், சமையல் சோடா அரை டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். சின்னப் பிள்ளைங்க பிரஷ்ஷை நனைச்சு உதறிட்டு, ஈரம் மட்டும் இருக்கற மாதிரி, கன்னத்தோட உள்பக்கம், நாக்கு, ஈறு. தலை ஒரு பக்கமா சாய்ஞ்சிருக்கணும். பல்செட் இருந்தா கழட்டிடணும். உதட்டுக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய். முழிச்சிருக்கற நேரம் 2 மணி நேரத்துக்கு ஒருதரம். வெள்ளைத் திட்டு தெரிஞ்சா சுரண்டக்கூடாது, அது காளான் தொற்று, நர்ஸ்கிட்ட சொல்லணும். நீங்க எதிர்பார்க்காத ஒண்ணு நடக்கும் பாருங்க: "தாகமா இருக்காரு, டிரிப் போடுங்க"ன்னு உறவுக்காரங்க கேக்கறது தானா குறையும். அவங்க கையிலயே பிரஷ்ஷைக் கொடுங்க.

இரண்டாவது வாரம் களகள சத்தம். சக்‌ஷன் டியூப் எட்டற இடத்துல அந்தச் சளி இல்லை, உள்ளே விட விட இருமலும் ரத்தமும்தான் வரும். ஒருக்களிச்சுப் படுக்கவைங்க, தலைமாட்டைக் கொஞ்சம் தூக்குங்க, டிரிப் ஓடினா நிறுத்தச் சொல்லிக் கேளுங்க. வாயோரம் வழியறதைத் துணியால துடைக்கணும். ஹையோசின் புதுசா சளி ஊறறதைத்தான் தடுக்கும், ஏற்கெனவே தேங்கினதை வத்தடிக்காது. அதனால சத்தம் ஆரம்பிச்ச உடனே கொடுக்கணும், நாலு மணி நேரம் கழிச்சு இல்லை. "பாதி மயக்கத்துல இருக்காரு, இந்தச் சத்தம் நமக்குத்தான் கஷ்டமா இருக்கு, அவருக்கு இல்லைங்க"ன்னு சொல்லப் பழக்குங்க.

அடுத்து பாலூத்தறது. நம்ம ஊர்ல இதைத் தடுக்க நினைச்சா சண்டைதான் வரும், தடுக்கவும் கூடாது. ஸ்பூன்ல ஊத்தினா மூச்சுக்குழாய்ல போய்ப் புரையேறும். துளசித் தண்ணி, கங்கைத் தண்ணி, ஜம்ஜம் தண்ணி, பால் எதுவானாலும் சுத்தமான துணியை நனைச்சுப் பிழிஞ்சு உதட்டுல தடவினா போதும். பேரன் பேத்தி எல்லாரும் வரிசையா தடவலாம். இதை ஆயாம்மா காட்டிக்கொடுத்தா கேட்டுக்குவாங்க, டாக்டர் சொன்னா வாக்குவாதம் பண்ணுவாங்க.

கழுத்துப் புண் கேஸுக்குத் தனியா ஒரு பாடம் வேணும். மெட்ரோனிடசோல்ங்கற கிருமிக்கொல்லி மாத்திரையைப் பொடி பண்ணிப் புண்ணுல தூவினா வாடை குறையும். டிரஸ்ஸிங்குக்கு அரை மணி முன்னாடி வலி டோஸ் போயிருக்கணும். ரத்தக்குழாய் வெடிக்கலாம்னு சந்தேகம் இருந்தா கட்டிலுக்கு அடியில கருநீலமோ அடர் பச்சையோ துண்டு நாலு, மிடசோலாம் ஆர்டர் ரெடியா இருக்கணும். வெள்ளைத் துணியில ரத்தத்தைப் பாத்தா குடும்பமே அலறிடும். அந்த நேரத்துல நர்ஸ் ஓடிப்போய் போன் பண்ணக் கூடாது. பக்கத்துலயே நிக்கணும், போனை ஆயாம்மா பண்ணட்டும்.

வார்டு_இன்சார்ஜ்

இருவருக்கும் நன்றி. சிஸ்டர் சொன்னது உண்மை, ஆயாம்மாக்களைக் கூப்பிடவில்லை. இரண்டு சந்தேகம். தோலடி மருந்துக்கு சிரிஞ்ச் பம்ப் (மருந்தைச் சிறிது சிறிதாகச் செலுத்தும் கருவி) வாங்க வேண்டுமா? பணம் இப்போது கஷ்டம். இரவில் நோயாளி திடீரென்று எழுந்து உட்கார்ந்து துணியை இழுத்துப் பிதற்றினால் எங்கள் நர்சுகள் உடனே தூக்க ஊசிக்குத்தான் போன் செய்கிறார்கள். அது சரியா?

சமுதாய_சிஸ்டர்

பம்ப் இல்லாமலே நடத்தலாம். 23 அல்லது 25 கேஜ் பட்டர்ஃபிளை ஊசி, டியூபோட வர்ற சின்ன ஊசி, போதும். காறை எலும்புக்குக் கீழே, மேல்கை, வயிறு, தொடை, வீக்கம் இல்லாத இடமாப் பாத்து தோலைக் கிள்ளிப் பிடிச்சு 45 டிகிரில சாய்ச்சுப் போட்டு, டியூபை ஒரு சுத்து சுத்தி, உள்ளே பாக்கற மாதிரி பிளாஸ்டர் ஒட்டுங்க. போட்ட தேதியை அதுலயே எழுதுங்க. நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் டோஸ் மெதுவா, ஒரு தடவைக்கு 2 மி.லி.க்கு மேல வேண்டாம், பின்னாடி கால் மி.லி. சலைன் தள்ளணும், இல்லைன்னா மருந்து டியூப்லயே நின்னுடும். நிறைய பேர் விடறது அங்கதான்: "ஊசி போட்டும் கேக்கல"ன்னு சொல்ற முதல் டோஸ் பாதி டியூப்ல இருக்கும். சிவந்தா, கல்லு மாதிரி ஆனா, கசிஞ்சா இடம் மாத்துங்க. டயசிபாம் இதுல கூடாது, தோலைப் புண்ணாக்கும்.

பிதற்றினா ஊசிக்கு முன்னாடி கை வைக்கணும். தொப்புளுக்குக் கீழே தடவிப் பாருங்க, மூத்திரம் கட்டி உருண்டையா நிக்கும். கத்தீட்டர் போட்டதும் அஞ்சு நிமிஷத்துல அடங்கிடுவாங்க. அப்புறம் மலம் கட்டியிருக்கா, ஜுரமா, ஈரத்துல படுத்திருக்காங்களா, மார்ஃபின் கூடியிருக்கா. விளக்கை மங்கலா எரிய விடுங்க, தெரிஞ்ச முகம் ஒண்ணு பக்கத்துல இருக்கட்டும். அதுக்கும் அடங்கலைன்னா ஹாலோபெரிடால். பேச முடியாதவங்களோட வலிக்கு பெயின்ஆட் அட்டவணை பழக்குங்க: மூச்சு, முனகல், முகம், உடம்பு, தேத்தினா அடங்கறாங்களா, அஞ்சுக்கும் 0 முதல் 2. பேசற பெரியவங்ககிட்ட பத்துக்கு எத்தனைன்னு கேட்டா முழிப்பாங்க, "ஒரு ரூபாய்க்கு எத்தனை காசு வலி"ன்னு கேளுங்க, டக்குனு சொல்வாங்க.

ஆற்றுப்படுத்துநர்

உறவினர் சத்தத்துக்கு ஊழியர் பணிந்துபோவதற்குக் காரணம் பயம் மட்டுமல்ல, வாயில் வார்த்தை இல்லாததும்தான். வார்த்தையை முன்கூட்டியே பழக்க வேண்டும். மூன்று நாற்காலி போடுங்கள்: ஒருவர் நர்ஸ், ஒருவர் மகன், ஒருவர் கவனிப்பவர். பத்து நிமிடம், பிறகு இடம் மாற்றி உட்காருங்கள். எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டங்கள் உங்கள் வார்டிலேயே இருக்கின்றன.

"சாப்பிடாம சாகடிக்கிறீங்களா?" என்று மகன் கேட்கிறார். பழக வேண்டிய பதில்: "சாப்பிடாததால அப்பா தளரலைங்க. உடம்பு அடங்கிக்கிட்டு வர்றதால பசி நின்னுபோச்சு. இப்ப டிரிப் போட்டா அந்தத் தண்ணி காலுக்கும் நெஞ்சுக்கும்தான் போகும், மூச்சு இன்னும் இழுக்கும்." சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு அங்கேயே நிற்க வேண்டும். அதுதான் எல்லோருக்கும் கடினம்.

"அம்மாகிட்ட கேன்சர்னு சொல்லிடாதீங்க." இதற்கு உடனே சரி என்றும் சொல்லக்கூடாது, உரிமை அது இது என்று சட்டமும் பேசக்கூடாது. "நாங்களா போய் எதையும் சொல்ல மாட்டோம். அம்மாவே கேட்டா பொய் சொல்ல மாட்டோம். அவங்களுக்கு என்ன தெரியும்னு நினைக்கிறீங்க?" பெரும்பாலும் அம்மாவுக்குத் தெரியும், பிள்ளைகளுக்காக அவரும் மறைத்துக்கொண்டிருப்பார். "இன்னும் எத்தனை நாள்" என்றால் தேதி சொல்லாதீர்கள். "மணிக் கணக்கு, வெளியூர்ல இருக்கறவங்களை இன்னிக்கே வரச் சொல்லுங்க" என்பது உபயோகமான பதில். "ஒண்ணும் ஆகாது" என்ற சொல்லை வார்டில் தடை செய்யுங்கள்.

ஊழியர் விலகுவதைப் பற்றி: சம்பளம் ஒரு காரணம், அதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மற்றபடி, புதிதாகச் சேர்ந்தவரின் முதல் மரணத்தின்போது அவர் தனியாக இருக்கக்கூடாது. உடலைத் துடைத்து நாடிக்கட்டு, கால்கட்டு போடுவது இரண்டு பேர் வேலை. ஒவ்வொரு மரணத்துக்குப் பின்னும் அந்த ஷிஃப்டுக்குள் பத்து நிமிடம் உட்காருங்கள், ஆயாம்மா, வாட்ச்மேன் உட்பட. எது நன்றாகப் போச்சு, எது உறுத்துது, குடும்பத்தில் யாரைத் திரும்பப் போன் செய்து விசாரிக்க வேண்டும், அவ்வளவுதான். மருந்துத் தவறை ஆராயும் கூட்டம் வேறு, இது வேறு. ஒருமுறை இதில் யாரையாவது குறை சொல்லிவிட்டால் அடுத்த தடவை ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். ஒரே ஷிஃப்டில் இரண்டு பேர் இறந்தால் அந்த நர்சுக்கு மறுநாள் வேறு வேலை கொடுங்கள். குறிப்பிட்ட ஒரு அறைக்குள் போவதைத் தவிர்ப்பது, நோயாளிக்குக் கைக்காசு போடுவது, வீட்டு நம்பரைக் கொடுப்பது, எதற்கெடுத்தாலும் வெடுக்கென்று பேசுவது, இவற்றில் ஏதாவது தெரிந்தால் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள், லீவ் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

வலிமருத்துவர்

108 விஷயம் விட்டுப்போச்சு. கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும்: குடும்பத்தோடு என்ன பேசியிருக்கிறோம், இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தி மீட்க முயல்வது (சிபிஆர்) உண்டா இல்லையா, முதலில் யாருக்கு போன், இறப்பை உறுதி செய்ய டாக்டர் எத்தனை மணிக்குள் வருவார். தீவிர சிகிச்சையை விலக்குவது பற்றிய உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பு 2023 ஜனவரியில் எளிமையாக்கப்பட்டது. இப்போது முன்கூட்டிய மருத்துவ உயிலுக்கு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்று போதும். அப்படி எழுதியவர் வந்தால் அதன் நகல் ஷீட்டிலேயே இருக்கட்டும்.

ஆள் அனுப்பிப் படிக்கவைக்க முடியுமென்றால் இந்திய நோய்த்தணிப்புச் சிகிச்சை சங்கத்தின் சான்றிதழ் படிப்பு இருக்கிறது. திருவனந்தபுரத்தில் உள்ள பாலியம் இந்தியா அமைப்பு நர்சுகளுக்குத் தனியாக நடத்துகிறது, ஆன்லைனிலும் கேஸ் விவாதம் வைக்கிறார்கள். ஒருவரை அனுப்புங்கள், ஆனால் வந்ததும் அவரை ராத்திரி டியூட்டியோடு சேர்த்துப் போடுங்கள். பகலில் வைத்துக்கொண்டால் அந்தப் படிப்பு ராத்திரிக்குப் போய்ச் சேராது. வீட்டுக்கே போக விரும்புகிறவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஆதரவு சிகிச்சை நர்சைத் தொடர்புகொண்டு, டிஸ்சார்ஜுக்கு முன்பே மருந்துப் பட்டியலைக் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக, இறப்புக் காரணத்துக்கு டாக்டர் தரும் சான்று. உங்களுடையது உள்நோயாளி நிறுவனம், ஆகவே படிவம் 4. வீட்டில் இறப்பவர்களுக்குத்தான் 4ஏ. காரணம் என்ற இடத்தில் "இதயமும் மூச்சும் நின்றது" என்று எழுதினால் அது காரணமே இல்லை. அடிப்படை நோயை, உதாரணமாக வாய்ப் புற்றுநோய், கடைசி வரியில் எழுத வேண்டும். இறப்பைப் பதிவு செய்ய 21 நாள் என்பதையும் குடும்பத்திடம் அன்றே சொல்லிவிடச் சொல்லுங்கள், பெயர் எழுத்து ஆதாரில் இருக்கிற மாதிரி இருக்கிறதா என்று பார்த்த பிறகு.