பேட்டரி வோல்டேஜ் அளக்கப் போய் பார்த்த கூத்துகள்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

கிணத்துக்கடவு:
நண்பர் தோட்டத்தில் தொட்டி மட்டம் பார்க்கும் பெட்டி. 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி, ஏட்மெகா328பி மைக்ரோகண்ட்ரோலர் சிப், 1 மெகாஹெர்ட்ஸ், முக்கால்வாசி நேரம் ஸ்லீப். பேட்டரி வோல்டேஜை சிப் அளக்கும் அளவுக்குக் குறைக்க இரண்டு ரெசிஸ்டர் (டிவைடர்). பேட்டரியை மிச்சம் பிடிக்க அதன் கீழ்ப்பக்கம் ஒரு 2என்7000 (சுவிட்சாக வேலை செய்யும் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர்) வைத்திருந்தார். அளக்கும்போது மட்டும் கிரவுண்ட் கிடைக்கும். மேலே 10 கே (கிலோஓம்), கீழே 3.3 கே. ஏதோ பார்க்க சிப்புக்குப் போகும் 5 வோல்ட் வயரைக் கழற்றினேன். எல்இடி மினுக்கிக்கொண்டே இருந்தது! மங்கலாக, ஆனால் தாளம் தப்பாமல். பேட்டரியையே பிடுங்கிய பிறகுதான் அடங்கியது. கீழே துண்டித்தால் நடுப்புள்ளி 12 வோல்ட்டுக்கு ஏறப் பார்க்கிறது. அந்த கரண்ட் ஏடிசி (வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) பின்னின் பாதுகாப்பு டையோடு வழியாக சிப்புக்கே சோறு போட்டிருக்கிறது. கணக்குப் போட்டேன்: சுவிட்ச் ஆனில் 0.95 மில்லிஆம்பியர், ஆஃபில் சுமார் 0.7. இவ்வளவுதான் சேமிப்பு.

சால்டர் புகை:
அந்தச் சுவிட்சே எதற்கு? மேலே 1 மெக் (1000 கே), கீழே 68 கே, சிப்புக்குள் இருக்கும் 1.1 வோல்ட் ரெஃபரன்ஸ் (ஏடிசி ஒப்பிட்டு அளக்கும் வோல்டேஜ்). 12 மைக்ரோஆம்பியர்தான் போகும், வருடத்துக்கு 100 மில்லிஆம்பியர்-ஹவர் சொச்சம். 7 ஏஎச் (ஆம்பியர்-ஹவர்) பேட்டரி சும்மா கிடந்தாலே ஒரு மாதத்தில் அதைவிட அதிகம் இழக்கும். ஏடிசிக்கு முன்னால் ரெசிஸ்டன்ஸ் 10 கே-க்குள் இருக்க வேண்டுமே என்று யாராவது வருவீர்கள். கீழ் ரெசிஸ்டருக்கு இணையாக 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போடுங்கள், அளக்கும்போது ஏடிசிக்குள் நிரம்ப வேண்டியது வெறும் 14 பிகோஃபாரட்.
என் கதை சோலார் வேலி. மழைக்காலக் காலைகளில் அரை வோல்ட் குறைத்துக் காட்டும், மதியம் சரியாகிவிடும். பேட்டரியை மாற்றச் சொல்லிவிட்டார்கள்! போர்டைத் திருப்பினால் ரெசிஸ்டர் கால்களுக்கு நடுவே காய்ந்த ஃப்ளக்ஸ் (சால்டர் பசை), அதன் மேல் ஈரம், அது வழியாகக் கரண்ட் கசிகிறது. ஐபிஏ (ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால்) போட்டுக் கழுவி வார்னிஷ் அடித்ததும் நின்றது.

பழைய டிவி மெக்கானிக்:
புகை சார் சொல்வது 12 வோல்ட்டுக்கு ஓடும். எங்கள் தெருப் பையன் ஒருவன் 36 வோல்ட் சைக்கிள் பேக் கொண்டுவந்தான், ஃபுல் சார்ஜில் 42. டிவைடரின் மேல்பக்கம் பி-சேனல் மாஸ்ஃபெட் சுவிட்ச், அதன் கேட்டை (சுவிட்சை இயக்கும் கால்) 2என்7000 நேராகக் கிரவுண்டுக்கு இழுக்கும். முதல் அளவிலேயே 'டிக்'. அவ்வளவுதான், மாஸ்ஃபெட் நிரந்தர ஷார்ட்.
மேல்பக்கம் வெட்டுவதுதான் முறை, ஆனால் கேட்டுக்கும் சோர்ஸுக்கும் (பேட்டரிப் பக்கக் கால்) நடுவே 20 வோல்ட்டுக்கு மேல் பெரும்பாலான மாஸ்ஃபெட் தாங்காது. சோர்ஸ்-கேட் நடுவே 100 கே, கேட்டிலிருந்து 2என்7000 வரை 330 கே, 42-இல் 9.8 வோல்ட்தான் விழும். பயமாக இருந்தால் 12 வோல்ட் ஜீனரும் (அதற்கு மேல் ஏறாமல் தடுக்கும் டையோடு) போடுங்கள். ஆன் செய்ததும் அளக்காதீர்கள், அந்த 0.1 மைக்ரோ நிரம்ப நேரம் கொடுங்கள். ரெஃபரன்ஸ் மாற்றிய பின் வரும் முதல் ரீடிங்கைத் தூக்கிப் போடுங்கள். 1.1 என்பது சிப்புக்குச் சிப் 1.0 முதல் 1.2 வரை இருக்கும், ஒவ்வொன்றையும் மீட்டர் வைத்து அளந்து ப்ரோகிராமில் எழுதுங்கள். பேக்கிலிருந்து வரும் வயரில் ஃபியூஸ் இருக்கிறதா? இல்லையென்றால் இதையெல்லாம் படித்தே பயனில்லை.

மூன்றாம் செமஸ்டர்:
அண்ணா, எல்லாரும் மைக்ரோஆம்பியருக்குச் சண்டை போடுகிறீர்கள். லேபில் நான் பார்த்த பெட்டியில் டிவைடர் பிரமாதம், பக்கத்திலேயே 7805 (12-ஐ 5 வோல்ட்டாக இறக்கும் ரெகுலேட்டர்). அது மட்டும் சும்மா 5 மில்லிஆம்பியர் குடிக்கும். ஒரு நாளைக்கு 120 மில்லிஆம்பியர்-ஹவர், 7 ஏஎச் இரண்டு மாதம்கூடத் தாங்காது.

கிணத்துக்கடவு:
தம்பி சொன்னதும் போய்ப் பார்த்தேன், நண்பர் பெட்டியிலும் 7805-தான். அதற்குப் பதில் எம்சிபி1702 ரெகுலேட்டர் போடலாமா?

சால்டர் புகை:
2 மைக்ரோதான் குடிக்கும், ஆனால் இன்புட் 13.2 வரைதான். சோலாரில் 14.4 வந்தால் வரம்பைத் தாண்டிவிடும். முன்னால் ஏதாவது போட்டு இறக்குங்கள்.

பழைய டிவி மெக்கானிக்:
ஃபியூஸ் பற்றிக் கேட்டேன், யாரும் பதில் சொல்லவில்லை.